ஓங்கல் பிளேன்

பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் கையைவிட்டுப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகு, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கொம்மாந்தான் வெர்தியே என்ற விமானி, ஏதோ ஓர் அமெரிக்கக் கம்பெனி ஓட்டிச் சலித்துக் கழித்துவிட்ட நாலு எஞ்சின் ஜெட் ஒன்றை வாங்கி, பிரான்சின் தெற்கே சேன்-ஒரியான் என்ற சின்ன ஊரில் பட்டாளம் விட்டுப்போன ஓடுபாதையில் கொண்டுவந்து நிறுத்தி, அதன் வாலில் துள்ளி எழும் ஓங்கல் மீன் ஒன்றை நீலச் சாயத்தில் வரையச் சொல்லி, ஏர் மார்சூவென் என்று பெயரும் எழுதி, இன்று முதல் இது ஒரு விமானக் கம்பெனி என்று அறிவித்தார். மார்சூவென் என்றால் ஓங்கல், டால்பின் ஜாதி. அவர் இருந்த காலனிப் பட்டாளத்துக்காரர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த செல்லப் பெயரும் அதுதான். கம்பெனிக்குக் கால அட்டவணை என்று ஒன்று கிடையாது. ஒரு சங்கமோ ஒரு மாதா சபையோ ஆளைச் சேர்த்துக்கொண்டு வந்தால் விமானம் கிளம்பும், சேராவிட்டால் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அப்படி ஆளைச் சேர்ப்பதில் பாண்டிச்சேரிக்காரர்களை மிஞ்ச யாரும் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து, பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு துலோனிலும் மர்செய்யிலும் பாரிசிலும் அடுக்குமாடிகளில் குளிரில் நடுங்கிக் கிடந்த சொல்தா என்கிற சிப்பாய்க் குடும்பங்கள், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக அந்த விமானத்தைப் பிடித்துக்கொண்டன. மதராஸ் மீனம்பாக்கத்தில் அது வந்து இறங்கும் நாளில் பாண்டிச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்து நிற்பவர்கள், வாலைப் பார்த்துவிட்டு, ஓங்கல் பிளேன் வந்துவிட்டது என்பார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த விமானத்தில் அமலோற்பவம் இருபத்திரண்டு வயதில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தாள். அமலோர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பட்டாளத்தில் கப்ரால் பதவியில் இருந்த அவளுடைய அப்பா மரியநாயகம் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்டுவிட்டு, துலோனில் மூன்றாவது மாடியில் மனைவி ஞானசௌந்தரியோடு குடியிருந்தார். மகள் சட்டை மாட்டிக்கொண்டு தட்டேந்தப் போகிறாளே என்று அவருக்கு முதலில் வருத்தம். பிறகு, விமானத்தை ஓட்டுகிறவரும் தன்னைப்போல ஒரு காலத்தில் மார்சூவென் என்று தெரிந்ததும், போகட்டும், நம்ம ஆளுதான் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது வருஷம் அது நடந்தது. நெஞ்சு முழுக்கச் சளி கட்டி, டாக்டர்கள் கைவிட்ட சவரிராயன் லெயோன் என்ற கிழவரை, உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவர் மகன்கள் இருவர் தாங்கிப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். துருக்கி மலைகளுக்கு மேலே போகும்போது அவருக்கு மூச்சு முட்டியது. பயணிகளில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், காதை மார்பில் வைத்துக் கேட்டார், பிறகு மகன்களைத் திரும்பிப் பார்த்து, நாடி நின்றுவிட்டது, ஆறுதலாக இருங்கள் என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, சவரிராயன் கண்ணைத் திறந்து, தனக்கு ஒரு காபி வேண்டும், சர்க்கரை ரெண்டு என்றார். அமலோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டே அவர் தன் தங்கை கல்யாணத்தில் சாம்பார் தீய்ந்துபோன கதையை ஆரம்பித்து, அதிலிருந்து தங்கை புருஷன் கதைக்குப் போய், அங்கிருந்து சைகோன் துறைமுகத்துக்குப் போய், மூன்று மணி நேரம் விடாமல் பேசினார். நாடி மட்டும் இல்லை. எண்ணெய் போடுவதற்காக விமானம் வளைகுடாவில் ஓர் ஊரில் இறங்கியது, சக்கரம் தரையைத் தொட்டது, அவர் பேச்சு நின்றது. டாக்டர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, நான் அப்போதே சொன்னேனே என்றார்.

இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்பது போலத்தான் எல்லோரும் இருந்தார்கள். அடுத்த மாதம் ஓர் அம்மாள், அதற்கடுத்த மாதம் இன்னொருவர், இப்படி ஏழெட்டுப் பேர் ஆன பிறகு ஒரு விஷயம் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. ஓங்கல் பிளேன் மேலே இருக்கும்வரை அதற்குள் இருப்பவர்களைச் சாவு தொடுவதில்லை. வேளை வந்தவர்களுக்கு நாடி நிற்கும், வலி நிற்கும், பசி நிற்கும், ஆனால் பேச்சு நிற்காது. சக்கரம் தரையைத் தொட்டதும் போய்விடுவார்கள். வேளை வராதவர்கள் வழக்கம்போலப் பெட்டியைத் தேடிக்கொண்டு இறங்குவார்கள். ஏன் இப்படி என்று கேட்டு யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பாண்டிச்சேரிக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வளைகுடாவில் எதற்கு இறக்குகிறீர்கள்? முன்பின் தெரியாத மணல்காட்டில் போய் உயிரை விடுவதற்கா டிக்கெட் எடுத்தோம் என்று ஒரு மனு எழுதி, நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு, வெர்தியேவிடம் கொடுத்தார்கள். வெர்தியே அதைப் படித்தார். மறுவாரம் பாதி இருக்கைகளைக் கழற்றி எறிந்தார், சரக்கு ஏற்றுவதை நிறுத்தினார், ஆள் குறைந்த எடைக்கு ஈடாக எண்ணெயை நிரப்பிக்கொண்டு, சேன்-ஒரியானில் கிளம்பினால் மதராசில்தான் சக்கரம் படும் என்று ஏற்பாடு செய்தார். அவர் அதிகம் பேசாதவர். மனு எழுதியவர்களுக்குச் சரி என்று ஒரு வரி அனுப்பினார்.

அதற்குப் பிறகு கம்பெனிக்கு ஏறுமுகம்தான். மீனம்பாக்கத்து மொட்டைமாடியில் உறவினர் கூட்டம் கையில் மாலையோடு நிற்கும். மாலை ஒன்றுதான், அது வரவேற்கவா வழியனுப்பவா என்பது கதவு திறந்த பிறகுதான் தெரியும். சாமியார் ஒருவர் எப்போதும் தயாராக வந்து நிற்பார். இறந்த இடம் என்று பதிவேட்டில் எழுத வேண்டிய குமாஸ்தா, கேட்காமலே மீனம்பாக்கம் என்று எழுதி, நேரத்துக்குச் சக்கரம் பட்ட நேரத்தை எழுதிக்கொள்வார். முப்பது வருஷம் முகம் பாராமல் இருந்த அண்ணன் தம்பிகள், நாடி நின்ற பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்துப் பக்கத்து இருக்கை கேட்டு வாங்கினார்கள். ஒருமுறை தொண்ணூறு தாண்டிய கிழவி ஒருத்தி, போதும்டா சாமி, பேசிப் பேசி வாய் வலிக்கிறது, இப்போதே போய்விடுகிறேன் என்று அடம்பிடிக்க, ஊரில் உயிர் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்குச் செய்வதுபோல அவள் பேரன்மார், பொட்டலம் கட்டி வைத்திருந்த சொந்த நிலத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினார்கள். கிழவி அதைச் சப்புக்கொட்டி விழுங்கிவிட்டு, எந்த வயல் மண்ணுடா இது, வாய்க்காலோரமா என்று விசாரித்தாள். விமானத்துக்குள் மண்ணும் வேலை செய்யவில்லை.

அமலோருக்கு இதில் ஒரு கை பழகிவிட்டது. போர்வையை இழுத்துவிடுகிற சாக்கில், கோப்பையைக் கையில் கொடுக்கிற சாக்கில், மணிக்கட்டில் இரண்டு விரலை வைப்பாள். இருக்கிறதா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். நின்றவர்களுக்கு ஜன்னலோரம் மாற்றிக் கொடுப்பாள், கேட்டதைக் கொடுப்பாள், சொல்வதையெல்லாம் உட்கார்ந்து கேட்பாள். ஆனால் நாடி நின்றதை அவர்களிடம் சொல்லக்கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பான விதி. பாதி பேருக்குத் தெரியாமலே போனது. மீதிப் பேர் தெரிந்தும் கேட்கவில்லை. அதுவும் ஒரு மரியாதை என்று அமலோர் நினைத்துக்கொண்டாள்.

பிறகு பிரெஞ்சுக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்றும் இல்லை. சும்மா கடலுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். அமெரிக்காவிலிருந்து மகன் வந்து கீழேயிருந்து ரேடியோவில் பேசும்வரை ஒரு பணக்கார விதவை ஒன்பது மணி நேரம் மேகத்துக்குள் வட்டமடித்துக்கொண்டிருந்தாள். ஒரு விமானம் போதவில்லை. வெர்தியே மேலும் இரண்டு விமானங்களை, புத்தம் புதியவற்றை, வாங்கினார். அங்கேதான் எல்லோரும் சறுக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எப்படியோ, நம் ஆட்களுக்கு அந்த மகிமை ஓங்கலில்தான் இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. அதனால் பழைய ஓங்கலை வரைந்த அதே பெயிண்டரைத் தேடிப் பிடித்து அழைத்துவந்து, அதே நீலத்தில் அதே துள்ளலில் இரண்டு வால்களிலும் வரையச் சொன்னார்கள். சாமியாரைக் கொண்டு தீர்த்தம் தெளித்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். ஞானசௌந்தரிக்கு அப்போது ரத்தத்தில் வியாதி. பழைய விமானத்தில் இடம் கிடைக்க இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். மரியநாயகம் காத்திருக்கலாம் என்றார். அமலோர்தான், அதே ஓங்கல்தானேப்பா, அதே பெயிண்டர்தானே, நான் பார்த்துத்தானே சொல்றேன் என்று சொல்லி, அம்மாவையும் அப்பாவையும் புது விமானத்தில் ஏற்றிவிட்டாள். ஞானசௌந்தரி துருக்கி மலைகளுக்கு மேலே, மற்ற விமானங்களில் மனிதர்கள் சாவதுபோலவே, ஒரு வார்த்தை பேசாமல் செத்துப்போனாள். மரியநாயகம் ஆறு மணி நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது பேசுவாள், இப்போது பேசுவாள் என்று மதராஸ்வரை காத்திருந்தார்.

ஊருக்குக் கொண்டுபோய் உப்பளம் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவர் அதற்குப் பிறகு மகளோடு பேசவில்லை. ரொட்டிக்கடைக்காரனோடு பேசினார், மாடிப்படியில் எதிர்ப்படுகிற அரபுக் குழந்தைகளோடு பேசினார், பூனையோடுகூடப் பேசினார். அமலோர் வந்தால் வாயை மூடிக்கொள்வார். அவள் சமைத்து வைப்பாள், அவர் சாப்பிடுவார், அவள் போவாள். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

கம்பெனியும் அந்த இரண்டு வருஷத்தில்தான் விழுந்தது. புது விமானங்களில் அடுத்தடுத்து மூன்று பேர் பட்டென்று போனதும் யாரும் அவற்றில் ஏறவில்லை. காலியாகவே பறந்து காலியாகவே இறங்கி, கடைசியில் வேறு யாரோ வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள், ஓங்கலின் மேல் வெள்ளை அடித்து. பழைய விமானத்தின் தலையிலேயே எல்லாப் பாரமும் விழுந்தது. விமானத்தின் உடம்புக்கும் ஓர் ஆயுள் உண்டு. இத்தனை மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்று செய்தவர்களே எழுதி வைத்திருப்பார்கள். ஓய்வில்லாமல் ஓட்டியதில் அது தேய்ந்து தேய்ந்து, ஒரு தை மாதத்தில் சோதனைக்கு வந்த அதிகாரி, இன்னும் பதினொரு மணி நேரம் மீதி இருக்கிறது, அதற்குமேல் ஒரு நிமிஷம்கூடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மதராசுக்குப் பத்தரை மணி நேரம். போனால் திரும்ப முடியாது. அங்கேயே பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று வெர்தியே சொன்னார். அந்தக் கடைசிப் பயணத்துக்கு இடம் கேட்டு வந்தவர்களில் எழுபத்தெட்டு வயது மரியநாயகமும் ஒருவர். குடல் அழுகிவிட்டது, இரண்டு வாரம் தாங்கினால் அதிகம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பினார்: "அமலோர் கிட்ட சொல்லு. என்னை அந்தப் பழைய பிளேன்லயே ஏத்தணும். அவ அம்மா பக்கத்துல இடம் வாங்கி வச்சிருக்கேன்."

நூற்று நான்கு பேர் ஏறினார்கள். ஓட்டுகிறவர் வெர்தியே, துணைக்கு எத்தியேன் என்ற இளைஞன், எழுதியதை எழுதியபடி செய்கிறவன். வளைகுடாவைத் தாண்டும்போது பொழுது விடிந்து, ஜன்னல்களில் வெயில் வந்தது. அமலோர் காலைச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள், போகிற போக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். பதினெட்டுப் பேருக்கு நின்றிருந்தது. முன் வரிசைக்கு வந்தாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். போர்வையை இழுத்துவிட்டு மணிக்கட்டைத் தொட்டாள். இல்லை. விரலை நகர்த்தி வைத்துப் பார்த்தாள். இல்லை.

மரியநாயகம் கண்ணைத் திறந்தார். "இந்த சீட்டு முதுகை இடிக்குது. உங்க கொம்மாந்தான் கிட்ட சொல்லு."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தலையணை ஒன்றைக் கொண்டுவந்து முதுகுக்குக் கொடுத்தாள். அவர் அதைப் பற்றிக் குறை சொன்னார், பிறகு காபியைப் பற்றிக் குறை சொன்னார், பிறகு துலோன் வீட்டுக் குழாய் ஒழுகுவதை அவள் இன்னும் சரிசெய்யவில்லை என்றார். அமலோருக்கு அதையெல்லாம் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும்போல் இருந்தது. மதராஸ் போக இரண்டேகால் மணி நேரம் இருந்தது. இவ்வளவு நேரமும் எனக்குத்தான், இதை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று நினைத்தாள். ஓட்டுகிறவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

ஓட்டுகிற அறையில் வெர்தியே பேசிக்கொண்டிருந்தார். பதினாறு வருஷத்தில் அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. சின்ன வயதில் தான் வளர்த்த வாத்து ஒன்றைப் பற்றி, அது பள்ளிக்கூடம்வரை பின்னாலேயே வந்ததைப் பற்றி, வாத்தியார் அதற்கும் வருகை போட்டதைப் பற்றி எத்தியேனிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தியேன் சிரித்துக்கொண்டிருந்தான். அமலோர் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள். பழகிய விரல் தானாகவே மணிக்கட்டில் போய் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை.

அவள் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றாள். சக்கரம் தரையைத் தொடுகிற நொடியில், ஓட்டுகிறவர் பிடியில் இருக்கும்போதே, அவர் போய்விடுவார். நூற்று நான்கு பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தியேனிடம் சொன்னால், ஓட்டுகிறவருக்கு ஏதாவது ஆனால் பக்கத்தில் இருக்கிற பெரிய விமான நிலையத்தில் இறக்க வேண்டும் என்பது விதி; அது பம்பாய்; முக்கால் மணி நேரம். அவன் விதியை மீறமாட்டான். சொல்லாமல் மதராஸ்வரை போய், இறங்குகிற நேரத்தில் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒரு மனம் சொன்னது. எப்படி என்று அந்த மனத்துக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் திரும்பி வந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா."

"நான் பட்டாளத்துல முப்பது வருஷம் இருந்தவன். ஒண்ணுமில்லாத மூஞ்சி எதுன்னு எனக்குத் தெரியாதா? சொல்லு."

அவள் குனிந்து காதோடு சொன்னாள்.

மரியநாயகம் தன் இடக்கையைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப எனக்கும் நின்னுடுச்சா?"

விதிப்படி அவள் சொல்லக்கூடாது. ஆனாலும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அதானே பார்த்தேன். எங்கேர்ந்துடா இவ்வளவு பேச்சு வருதுன்னு." அவர் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். "போய் கொம்மாந்தான் கிட்ட சொல்லு."

"சொன்னா பம்பாயில எறக்கிடுவாங்கப்பா. ஊருக்குப் போக முடியாது."

"உப்பளத்துக்குத் தூக்கிட்டுத்தானே போகப் போறீங்க. எங்கேர்ந்து தூக்கினா எனக்கென்ன?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல." அமலோர் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒன்றரை மணி நேரம் போயிடும்பா. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் பேசறீங்க. அதையும் நானே போய்க் குடுத்துட்டு வரணுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள், மறுபடியும் வாயை மூடிக்கொண்டுவிட்டார் என்று பயந்தாள். ஆனால் அவர் அந்தப் பக்கமே பார்த்தபடி சொன்னார்: "உங்கம்மா விஷயத்துல நீ தெரியாம சொன்னே. அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் உன்கிட்ட பேசாம இருந்தது நான். தப்பு பண்ணது நான்தான். உன்னை நெனச்சா வயிறு எரியும், ஆனா வாயைத் திறந்தா உங்கம்மா செத்தது நெசமாயிடும்போல இருந்துச்சு." அவர் திரும்பினார். "நீ தெரிஞ்சுகிட்டே சும்மா இருந்துடாதே. அதை வச்சுகிட்டு உசிரோட இருக்க முடியாது. நான் இருந்து பார்த்துட்டேன். போ."

அமலோர் போனாள். எத்தியேன் இருக்கும்போதே, மறைக்காமல், பிரெஞ்சில் சொன்னாள்: "கொம்மாந்தான், உங்கள் நாடி நின்றுவிட்டது. எப்போது என்று தெரியவில்லை. நான் பார்த்தது இப்போதுதான்."

வெர்தியே வாத்துக் கதையை நிறுத்தினார். தன் மணிக்கட்டில் தானே விரல் வைத்தார், முள் நகருகிறதா என்று பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தார், கழுத்திலும் வைத்துப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

"எத்தியேன், இறக்குவது நீ."

"பம்பாயிலா?" என்று எத்தியேன் கேட்டான்.

"விதி அப்படித்தானே சொல்கிறது? இந்தக் கம்பெனியில் எல்லா விதியையும் நான் வளைத்திருக்கிறேன். உன்னை வளைக்கச் சொல்லமாட்டேன்." அவர் பட்டையை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார். "மதாம் அமலோர், எனக்கு உட்கார ஓர் இடம் இருக்குமா?"

அவளிடம் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஒலிவாங்கியை எடுத்து, முதலில் தமிழிலும் பிறகு பிரெஞ்சிலும் சொன்னாள். விமானம் மதராஸ் போகவில்லை, பம்பாயில் இறங்குகிறது, அதற்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது. பயணிகளில் பத்தொன்பது பேருக்கும் விமானிக்கும் நாடி நின்றுவிட்டது. யாருக்கு என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கையைக் கொடுங்கள், பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் சொன்னாள். பதினாறு வருஷமாக அவள் வாய்க்குள் வைத்திருந்த விஷயம் நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. விமானம் முழுக்க ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மகன் எழுந்து வந்து, எங்கம்மாவைப் பம்பாயில எறக்க நீ யாரு, மூணு மாசமா ஊர்ல சொந்தக்காரங்க காத்திருக்காங்க என்று அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவனுடைய அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே அவனைக் கூப்பிட்டாள்.

"விடுடா அந்தப் பொண்ணை. பம்பாயும் கடலோரம்தானே. வந்து எங்கிட்ட உக்காரு, உங்க அப்பா வாங்கின கடனையெல்லாம் சொல்றேன்."

அமலோர் பத்தொன்பது பேரிடமும் போனாள். ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குச் செபமாலை பெட்டியிலிருந்து எடுத்துத் தர வேண்டும், ஒருவருக்குப் பின்வரிசையில் இருக்கும் மருமகளைக் கூட்டிவர வேண்டும். யாரையும் விட்டுவிட்டு அப்பாவிடம் ஓட அவளால் முடியவில்லை. வெர்தியே அவருக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்திருந்தார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் பேசுவது காதில் விழுந்தது. இந்த இருக்கை முதுகை இடிக்கிறது என்று மரியநாயகம் பிரெஞ்சில் புகார் சொல்ல, வெர்தியே சாய்ந்து பார்த்துவிட்டு, ஆமாம், இடிக்கிறது, நான் இதில் உட்கார்ந்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு இந்தோசீனாவில் ஹைபோங் துறைமுகத்தில் மழை எப்படிப் பெய்யும் என்பதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்தது.

ஜன்னலில் கடல் தெரிந்து, பிறகு குடிசைக் கூரைகள் தெரிந்தபோதுதான் அவள் அப்பாவிடம் வந்து சேர்ந்தாள். ஐந்து நிமிஷம்கூட இல்லை.

"எல்லாருக்கும் பாத்தாச்சா?" என்று கேட்டார்.

"பாத்தாச்சுப்பா."

"அப்ப போய் பெல்ட் போட்டுக்கோ."

"இங்கேயே நிக்கிறேன்."

"விழுந்து மண்டையை உடைச்சுக்குவே. எறங்கினதும் இத்தனை பேரை யார் எறக்குவா? போ. அங்கேர்ந்து கேளு, நான் சத்தமா பேசறேன்."

பணிப்பெண்ணின் மடக்கு இருக்கை கதவோரத்தில், பயணிகளைப் பார்த்தபடி இருந்தது. முன் வரிசைக்கும் அதற்கும் எட்டடி தூரம். அவள் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டாள். பதினாறு வருஷமாக அங்கே உட்கார்ந்துதான் அத்தனை முகங்களும் அணைவதைப் பார்த்திருக்கிறாள். மரியநாயகம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். அல்ஜீரியாவிலிருந்து திரும்பி வந்த நாளைப் பற்றிச் சொன்னார். தந்தி கொடுக்காமல் வந்தது, பாண்டிச்சேரிக் கடல் பாலத்தில் கப்பலைவிட்டுப் பெட்டியோடு தனியாக இறங்கியது, ரிக்‌ஷாக்காரன் அடையாளம் தெரியாமல் இவரை அதிகாரி என்று நினைத்து சல்யூட் அடித்தது. வீட்டு வாசலுக்கு வந்தால் நீ மண்ணில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறாய், உனக்கு அஞ்சு வயசு, யாரோ வந்திருக்காங்க என்று உள்ளே பார்த்துக் கத்துகிறாய் என்றார். விமானம் தாழ்ந்தது. அவர் இன்னும் சத்தமாகப் பேசினார்.

"அஞ்சு வருஷம் கழிச்சு வர்றேன். கடுதாசி நாலோ அஞ்சோதான் போட்டிருப்பேன். கத்துவா, துடைப்பத்தை எடுப்பான்னு நெனச்சுகிட்டு நிக்கிறேன். உள்ளேர்ந்து ஈரக்கையோட வந்தா. மேலேர்ந்து கீழவரைக்கும் என்னைப் பாத்தா. பாத்துட்டு உங்கம்மா என்ன சொன்னா தெரியுமா..."

சக்கரம் தரையைத் தொட்டது.

எத்தியேன் ஒரு குலுக்கலும் இல்லாமல் இறக்கினான். விமானம் ஓடி, வேகம் குறைந்து, நின்றது. அமலோர் பட்டையை அவிழ்த்தாள், கதவைத் திறந்தாள், படி வந்து சேரும்வரை காத்திருந்தாள். எண்பத்தைந்து பேர் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, பம்பாய் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மதராசுக்கு இனி எப்படிப் போவது, பெட்டிகளை யார் கொடுப்பார்கள் என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் வணக்கம் சொன்னாள். தள்ளியவன் அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனான். வெர்தியே தலையை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கீழே அதிகாரிகள் வண்டியில் வருவது தெரிந்தது.

அவர்கள் வந்து ஏறுவதற்குள் அமலோர் முன் வரிசைக்குப் போய், அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது, முகத்தில் அடுத்த வார்த்தையைச் சொல்லப்போகிறவரின் சிரிப்பு இருந்தது.

"தெரியாதுப்பா" என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.